வானிலை ராடார்களின் விஸ்தரிப்பும் மங்கலம்பேட்டை வட்டார விவசாயமும்

கடலூர் ஜில்லா விருத்தாசலம் தாலுகாவைச் சேர்ந்த மங்கலம்பேட்டை வட்டாரத்தில் ஐப்பசி மாதம் விவசாயிகளுக்கு மிகுந்த கவலையைத் தருவதாகும். ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்த மணிலா அப்போதுதான் பிடுங்கப்பட்டுக் களத்தில் காயவைக்கப்படுகிறது. அதே சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. பிடுங்கிய காய் இரண்டு நாள் நனைந்து கிடந்தால் கொத்து ரகங்கள் முளை கட்டிவிடும். பூஞ்சாளம் பிடித்த பருப்புக்கு வியாபாரிகள் விலையைக் குறைத்துவிடுவர். மழைக்கு அஞ்சிப் பிடுங்காமல் விட்டாலோ, முற்றிய காய்கள் காம்பற்று ஈர மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே "இன்று பிற்பகல் மழை உண்டா, இல்லையா?" என்னும் ஒரே கேள்விக்குக் கிடைக்கும் விடையில் நான்கு மாத உழைப்பின் பலன் அடங்கியிருக்கிறது.

ஜில்லா முழுமைக்கும் பொதுவாக வெளியிடப்படும் "ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம்" என்ற முன்னறிவிப்பு இக்கேள்விக்குப் போதிய விடையாகாது. எந்த மேகம், எந்தத் திசையில், என்ன வேகத்தில் வருகிறது என்பதை அவ்வப்போது கண்டு சொல்லும் சாதனம் ராடார் ஒன்றே. அச்சாதனங்களைத் தேசமெங்கும் பெருக்கவும் புதுப்பிக்கவும் இந்திய அரசாங்கத்தார் ஒரு பெருந்திட்டத்தை மேற்கொண்டுள்ளனர். அத்திட்டம் யாது, ராடார்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அதன் பயனை ஏன் அளவிட இயலாது, கிராமத்தார் தம் பங்குக்குச் செய்யவேண்டியது என்ன என்பவை இங்கே விளக்கப்படுகின்றன.

ராடாரின் தத்துவம்

ராடார் என்பது மின்காந்த அலைகளை ஒரு பெரிய கிண்ணம் போன்ற உறுப்பின் மூலம் ஒரு திசையில் குறுகிய கற்றையாக அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை வாங்கிக் கொள்ளும் யந்திரமாகும். அலைகள் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்வதால், 100 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மழையின் எதிரொலி விநாடியில் ஆயிரத்தில் ஒரு பாகத்துக்கும் குறைவான நேரத்தில் திரும்பி வந்துவிடும். திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தால் மழையின் தூரமும், எதிரொலியின் வலிமையால் மழையின் கனமும் அறியப்படுகின்றன. கிண்ணம் சுற்றிச் சுற்றிச் சுழன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது மேல்நோக்கிச் சாய்ந்து, சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை சுற்றுப்புற வானம் முழுவதையும் அளந்துவிடுகிறது.

புதிய ராடார்கள் இதற்கு மேலும் ஒன்று செய்கின்றன. நம்மை நோக்கி வரும் ரயில் எஞ்சினின் ஊதல் உரத்த சுருதியாகவும், கடந்து போனபின் தாழ்ந்த சுருதியாகவும் கேட்பதை யாவரும் அறிவர். இதன் காரணத்தை 1842-ஆம் வருஷத்தில் ஆஸ்திரியா தேசத்து விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர் எடுத்துரைத்தார். அதே விதியைக் கொண்டு, மழைத்துளிகள் ராடாரை நோக்கி வருகின்றனவா, விலகிச் செல்கின்றனவா, காற்றின் வேகம் எவ்வளவு என்பவற்றை அறியும் யந்திரமே டாப்ளர் ராடார் எனப்படுகிறது. புயலின் உட்புறத்துக் காற்றை அளப்பதற்கு இது இன்றியமையாதது.

இந்தியாவில் ராடார்களின் வளர்ச்சி

இந்திய வானிலைத் துறை 1875-ல் ஸ்தாபிக்கப்பட்டது. இடிமழையைக் கண்டறியும் முதல் ராடார் 1954-ல் கல்கத்தாவை அடுத்த டம்டம் விமான நிலையத்தில் நிறுவப்பட்டது. புயல்களைக் கண்டறியும் ராடார் 1970-ல் விசாகப்பட்டினத்தில் முதன்முதலாக அமைந்தது. முதல் டாப்ளர் ராடார் 2002-ல் சென்னைத் துறைமுகத்தில் ஏற்பட்டது. பின்னர் காரைக்காலிலும் ஒரு டாப்ளர் ராடார் நிறுவப்பட்டது. 2022 ஜனவரி 14-ஆம் தேதி சென்னையை அடுத்த பள்ளிக்கரணையில் நிறுவப்பட்ட ஒரு சிறிய ராடாரும், லே, டில்லி, பம்பாய் நகரங்களுக்கான ராடார்களும் பொது உபயோகத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

2014-ல் தேசமெங்கும் 15 டாப்ளர் ராடார்களே இருந்தன. 2024-ல் அவை 39 ஆயின. அவ்வருஷம் செப்டம்பர் 11-ஆம் தேதி மத்திய மந்திரிசபையார் "மௌசம் மிஷன்" என்னும் திட்டத்துக்கு இரண்டு வருஷச் செலவாக 2,000 கோடி ரூபாய் அனுமதித்தனர். ராடார்களின் எண்ணிக்கையை 126 ஆக உயர்த்துவது நோக்கம் என வானிலைத் துறையார் அறிவித்தனர். 2025-ல் 47 ராடார்கள் இயங்குவதாகவும், தேசத்தின் பரப்பில் நூற்றுக்கு 87 பாகம் ராடார்களின் பார்வைக்குட்பட்டது என்றும் பார்லிமெண்டில் தெரிவிக்கப்பட்டது.

நூற்றுக்கு 87 பாகம் ஏற்கெனவே பார்வைக்குட்பட்டிருக்குமாயின், மேலும் இத்தனை ராடார்கள் எதற்கு என்ற வினா இயல்பாகவே எழும். இதற்கு விடை, பார்வை எந்த உயரத்தில் விழுகிறது என்பதிலேயே இருக்கிறது.

தூரமும் உயரமும்

பூமி உருண்டையானது, ராடாரின் கற்றையோ ஏறக்குறைய நேராகச் செல்வது. ஆகவே ராடாரிலிருந்து தூரம் செல்லச் செல்ல, கற்றை தரையை விட்டு மேலே ஏறிக்கொண்டே போகும். அன்றியும், அருகிலுள்ள கட்டிடங்களிலும் மரங்களிலும் படாதிருக்கும்பொருட்டுக் கற்றையைச் சுமார் அரைப் பாகை மேல்நோக்கிச் சாய்த்தே அனுப்புவது வழக்கம். இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், 100 கிலோமீட்டர் தூரத்தில் கற்றையின் நடுப்பாகம் தரைக்கு மேல் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலும், 200 கிலோமீட்டர் தூரத்தில் 4 கிலோமீட்டர் உயரத்திலும் செல்லும். கற்றை போகப் போக விரிந்தும் விடுகிறது. ஒரு பாகை அகலமுள்ள கற்றை 100 கிலோமீட்டரில் சுமார் 1.7 கிலோமீட்டரும், 200 கிலோமீட்டரில் சுமார் 3.5 கிலோமீட்டரும் பருமனாகிவிடும்.

மங்கலம்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகம் நேர்க்கோட்டில் 190 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்திலும், காரைக்கால் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலும் உள்ளன. ஆகவே சென்னை ராடாரின் தாழ்ந்த கற்றை மங்கலம்பேட்டைக்கு மேல் வரும்போது, அதன் கீழ் விளிம்பே தரைக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அதற்குக் கீழே பெய்வது யாதும் அந்த ராடாருக்குப் புலப்படாது. வடகிழக்குப் பருவத்தில் கடலிலிருந்து வரும் மேகங்களிற் பல அதிக உயரம் எழும்பாதவை. அவை தாழ்ந்திருந்தே நல்ல மழையைப் பொழிந்துவிடும். அத்தகைய மேகத்தின் தலைப்பாகத்தை மட்டும் தொட்டுச் செல்லும் ராடார், கனமழையைச் சிறு தூறலென்று காட்டக்கூடும். இதற்கு மாறாக, கோடைக் காலத்தில் உயரத்தில் பெய்யும் மழை தரையை அடையுமுன் வறண்ட காற்றில் ஆவியாகிவிடுவதும் உண்டு; அப்போது ராடார் படத்தில் மழை தெரியும், களத்திலோ ஒரு சொட்டும் விழாது. ஆதலால் மங்கலம்பேட்டை வட்டாரத்துக்குச் சென்னை ராடாரைவிடக் காரைக்கால் ராடாரே நம்பத்தக்க சாட்சியாகும்.

இந்தக் கணக்கைத் தேசம் முழுமைக்கும் பொருத்திப் பார்ப்பது நல்லது. தரைக்கு அண்மையிலுள்ள மழையைச் செவ்வையாகக் காணும் எல்லை 100 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒரு ராடார் ஆளும் வட்டத்தின் பரப்பு சுமார் 31,400 சதுர கிலோமீட்டராகும். 47 ராடார்களின் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமலும், கடலின்மீது விழாமலும் இருந்தாலும்கூட, அவற்றின் மொத்தப் பரப்பு 15 லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டாது. இந்தியாவின் பரப்போ சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது, பாதிக்கும் குறைவான நிலமே தரையை ஒட்டிய பார்வையைப் பெறக்கூடும். 126 ராடார்கள் ஏற்படுமானால், சராசரி ஒவ்வொன்றுக்கும் 26,000 சதுர கிலோமீட்டரே பங்காக வரும். உயரத்தில் மட்டும் கிடைத்துவந்த பார்வை தரைவரை இறங்குவதே விஸ்தரிப்பின் முக்கியமான பயன் எனலாம். புதிய ராடார்களை எங்கே வைப்பது என்பதே ஆகவே எத்தனை வைப்பது என்பதைவிட முதன்மையான விஷயமாகிறது.

மூவகை ராடார்கள்

வானிலை ராடார்கள் அலையின் நீளத்தைக் கொண்டு மூவகைப்படும். சுமார் 10 சென்டிமீட்டர் நீள அலையை உபயோகிப்பவை எஸ் வகை. 5 சென்டிமீட்டர் அலை உடையவை சி வகை. 3 சென்டிமீட்டர் அலை உடையவை எக்ஸ் வகை. நீண்ட அலை கனமழையையும் ஊடுருவிச் சென்று, அதற்கப்பாலுள்ள மழையையும் காணும். ஆனால் அதற்குக் கிண்ணம் பெரிதாகவும், கட்டிடம் உறுதியாகவும், செலவு மிகுதியாகவும் வேண்டும். குறுகிய அலைக்குச் சிறிய யந்திரமே போதும். சிறு தூறலையும் அது கண்டுகொள்ளும். ஆயினும் பெருமழை குறுக்கிட்டால் அலையின் வலிமை அதிலேயே செலவாகிவிடுவதால், அம்மழைக்குப் பின்னால் இருப்பது மறைந்துபோகும்.

ஆகவே புயல் கரையேறும் கடற்கரைக்கு எஸ் வகையும், உள்நாட்டுக்குச் சி வகையும், நகரங்களுக்கும் மலைச்சரிவுகளுக்கும் எக்ஸ் வகையும் ஏற்றவை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சென்னைத் துறைமுகத்திலும் காரைக்காலிலும் உள்ளவை எஸ் வகையைச் சேர்ந்தவை. பள்ளிக்கரணையில் உள்ளது எக்ஸ் வகை. தமிழ்நாடு அரசாங்கத்தார் இராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் ராடார் நிறுவத் தீர்மானித்து அறிவித்துள்ளனர். இவற்றுள் ஏற்காடு, மங்கலம்பேட்டை விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது.

கல்வராயன் மலையும் மணிமுத்தாறும்

விருத்தாசலத்தின் வழியே சென்று வெள்ளாற்றில் கலக்கும் மணிமுத்தாறு, மேற்கே கல்வராயன் மலையில் உற்பத்தியாவது. ஆகையால் ஊரில் மழை ஓய்ந்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும் நாளிலும் ஆற்றில் வெள்ளம் வருவதுண்டு. மலையில் எவ்வளவு மழை பெய்தது என்பதை உரிய காலத்தில் அறியாவிடில், ஆற்றோர வயல்களில் அறுத்துப் போட்ட கதிரையும், மோட்டார்களையும், கால்நடைகளையும் அப்புறப்படுத்த அவகாசம் இராது.

கல்வராயன் மலை காரைக்காலிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரும், சென்னையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேலும் தூரமுள்ளது. ஏற்காட்டிலிருந்தோ அது 65 கிலோமீட்டர் அளவிலேயே இருக்கிறது. கோடையிலும் ஆவணி, புரட்டாசி மாதங்களிலும் மாலை வேளையில் மேற்கிலிருந்து இடியுடன் வரும் மழைக்கும் அம்மலைப் பிரதேசமே பெரும்பாலும் பிறப்பிடம். இடிமேகம் உருவாகும்போதே அதைக் கண்டுகொள்ள ஏற்காட்டு ராடார் உதவக்கூடும்.

2024-ஆம் வருஷத்துப் பெஞ்சால் புயல் இவ்வுண்மையை ஜில்லா முழுவதுக்கும் உணர்த்திற்று. நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய அப்புயல், அங்கேயே பல மணி நேரம் நின்று பெய்தது. புதுச்சேரியிலும் மயிலத்திலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவாயிற்று. பிறகு அது மேற்கே நகர்ந்து, கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரையில் டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் மீண்டும் அதே அளவு மழையைக் கொட்டியது. அந்த நீர் தென்பெண்ணையில் இறங்கிச் சாத்தனூர் அணையை நிரப்பியது; அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட நேர்ந்தது. அதன் விளைவை விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களின் ஆற்றோரக் கிராமங்கள் அனுபவித்தன. ஊத்தங்கரை, சென்னை, காரைக்கால் ஆகிய இரு ராடார்களுக்கும் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது. அங்கே அவற்றின் தாழ்ந்த கற்றைகள் 4 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலேயே செல்லும். ஏற்காடோ ஊத்தங்கரைக்குச் சுமார் 65 கிலோமீட்டர்தான். கீழ்நாட்டு விவசாயிக்கு மேல்நாட்டு ராடார் ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

மலையுச்சியில் ராடார் வைப்பதிலும் ஒரு குறையுண்டு. ஏற்காடு கடல் மட்டத்துக்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ளதால், கற்றை குறுக்கேயுள்ள குன்றுகளின் தடையின்றிச் செல்லும். ஆனால் புறப்படும்போதே அது உயரத்திலிருந்து புறப்படுகிறது. மங்கலம்பேட்டையை அடையும்போது, சாய்வின்றி அனுப்பினாலும், அது 2 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆகவே ஏற்காட்டு ராடார் மேற்கேயிருந்து வருவதை முன்கூட்டி அறிவிக்கவும், காரைக்கால் ராடார் ஊரின்மேல் பெய்வதை அளக்கவும் பயன்படுமாறு இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே தக்க முறையாகும்.

எதிரொலியும் மழையின் அளவும்

ராடார் மழையைக் காண்கிறதேயன்றி, அளந்து பிடிப்பதில்லை. எதிரொலியின் வலிமை துளியின் விட்டத்தை ஆறு முறை தன்னாலேயே பெருக்கியதற்குச் சமமான விகிதத்தில் ஏறுகிறது. அதாவது, 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளி, 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள 64 துளிகளுக்கு ஈடான எதிரொலியைத் தரும். ஆனால் நீரின் அளவைப் பார்த்தால், அந்தப் பெரிய துளியில் 8 சிறு துளிகளின் நீரே உள்ளது. ஆகவே எதிரொலி ஒன்றாக இருந்தும், ஒரு மழையில் மற்றொன்றைவிட எட்டு மடங்கு நீர் இருக்கக்கூடும். 1948-ல் கனடா தேசத்தில் மார்ஷல், பால்மர் என்னும் இருவர் எதிரொலிக்கும் மழைக்கும் உள்ள சராசரி விகிதம் ஒன்றை வகுத்தனர். அது இன்றளவும் உபயோகப்பட்டு வருகிறது. எனினும் சராசரி எப்போதும் சராசரியே.

இக்குறையைப் போக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, படுக்கையாகவும் நெட்டாகவும் அதிரும் இருவகை அலைகளைச் சேர்த்து அனுப்பும் ராடார். பெரிய துளிகள் விழும்போது காற்றின் தடையால் சற்றுத் தட்டையாகும். சிறு துளிகள் உருண்டையாகவே இருக்கும். இருவகை எதிரொலிகளையும் ஒப்பிட்டுத் துளிகளின் பருமனை ஊகிக்கலாம். ஆலங்கட்டியையும், பறவைக் கூட்டத்தையும், பூச்சிகளையும் மழையினின்று பிரித்தறியலாம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் சுமார் 160 ராடார்கள் கொண்ட தேசிய அமைப்பு முழுவதும் 2013-ல் இம்முறைக்கு மாற்றி முடிக்கப்பட்டது. புதிய யந்திரங்களைக் கட்டாமல், இருந்தவற்றையே திருத்தி அமைத்தது அங்கே கைக்கொண்ட வழி.

இரண்டாவது வழி, தரையிலுள்ள மழைமானி. ராடார் காட்டிய அளவை மழைமானி பிடித்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்தினால்தான் அது நம்பத்தக்க கணக்காகும். தமிழ்நாட்டில் 1,400 தானியங்கி மழைமானிகளும், 100 தானியங்கி வானிலை நிலையங்களும் நிறுவப்பட்டமை இவ்வகையில் பெரிதும் பயன்படக்கூடியது. ஒரு மழைமானியின் வாயில் மரக்கிளையோ, ஓலையோ, பறவைக் கூடோ அடைத்துக்கொண்டால், அந்த ஊரின் கணக்கு மட்டுமன்றி, அதைக்கொண்டு திருத்தப்படும் ராடாரின் கணக்கும் பிழைபடும். ஒரு ஏக்கரில் பெய்யும் ஒரு சென்டிமீட்டர் மழை 40,000 லிட்டருக்கு மேற்பட்ட நீராகும் என்பதை நினைத்தால், சிறு பிழையும் ஏரிக்கணக்கில் எவ்வளவாகப் பெருகும் என்பது விளங்கும்.

சிறு ராடார்களின் வரிசை

பெரிய ராடார்களுக்கிடையே எஞ்சும் தாழ்ந்த இடைவெளிகளை அடைக்க, பிற நாடுகளில் சிறு ராடார்களை நெருக்கமாக வைக்கும் முறை கையாளப்பட்டுள்ளது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாகாணத்தில் 2006 முதல் நான்கு எக்ஸ் வகை ராடார்களைச் சமீபமாக வைத்துப் பரீட்சை செய்தனர். ஜப்பான் தேசத்தில் 2010 முதல் இத்தகைய ராடார் வரிசை ஆற்று நிர்வாகத்துக்கென்றே உபயோகிக்கப்படுகிறது. ஒன்று பெருமழையால் மறைக்கப்பட்டபோது மற்றொன்று வேறு திசையிலிருந்து பார்த்துவிடும் என்பது இதன் நன்மை.

விருத்தாசலம் வட்டாரத்திலும் இத்தகைய சிறு ராடார் ஒன்று பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மணிலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போன அந்நிலையத்தில் பயிர்களைப் பற்றிய அறிவும் உண்டு. நிலமும் பெரும்பாலும் சமவெளியே. ஆனால் ராடார் வைத்தபின் செய்யவேண்டிய வேலையே பெரிது. ஓயாது சுழலும் யந்திரத்துக்குத் தேய்மானம் உண்டு. புயல் நாளில்தான் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுபடும். தனி மின்னாக்கி, இரண்டு வழித் தொடர்பு, பயின்ற ஊழியர், கையிருப்பில் மாற்று உறுப்புகள் ஆகியவற்றுக்குத் திட்டத்தில் இடமில்லையாயின், வேண்டும் நாளில் ராடார் வாய்மூடி நிற்கும். ஆகவே ஒரு ராடாரின் விலையோடு அதன் இருபது வருஷத்துப் பராமரிப்பையும் சேர்த்து எண்ணுவதே உண்மையான திட்டமாகும்.

ராடாரால் ஆவதும் ஆகாததும்

2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், இந்த ஜில்லாவின் முந்திரி, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. எத்தனை ராடார் இருந்தாலும் நின்ற மரத்தை எடுத்து வைக்க முடியாது. ராடார் காப்பது இடம்பெயர்க்கக் கூடியவற்றை மட்டுமே. அவை மனிதர், கால்நடை, களத்துத் தானியம், தெளிக்காது நிறுத்திவைக்கும் மருந்து, இடாது நிறுத்திவைக்கும் உரம் முதலியன. நிலைத்த மரங்களுக்குக் காப்புப் பயிர் இன்ஷூரன்ஸும் காற்றுத் தடுப்பு வரிசைகளுமேயாகும்.

ஆயினும் இடம்பெயர்க்கக் கூடியவற்றைக் காப்பதே சிறு லாபமன்று. பருவமழைக் காலத்தில் கடலூர்க் கரையில் தோன்றும் மழை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கே நகருமானால், சுமார் 50 கிலோமீட்டர் தூரத்திலுள்ள மங்கலம்பேட்டையை அடைய இரண்டு மணி நேரமாகும். களத்தில் பரப்பிய மணிலாவை நால்வர் கூட்டிக் குவித்துத் தார்ப்பாயால் மூடிவிட அந்த நேரம் தாராளமாகப் போதும்.

விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

ராடார் படங்களை இந்திய வானிலைத் துறையார் தங்கள் இணையத் தளத்திலும் "மௌசம்" என்னும் கைப்பேசிச் செயலியிலும் எவரும் காணுமாறு வெளியிடுகின்றனர். மங்கலம்பேட்டை வட்டாரத்தார் காரைக்கால் படத்தையே முதலில் பார்ப்பது நலம். ஒரே படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அரை மணி இடைவெளியில் இரண்டு, மூன்று படங்களைப் பார்த்து மழை நகரும் திசையையும் வேகத்தையும் தாமே கணக்கிட வேண்டும். படத்தின் ஓரத்தில் காணும் அளவில் 30 என்பது மணிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் மழையையும், 40 என்பது சுமார் 12 மில்லிமீட்டரையும், 50 என்பது சுமார் 50 மில்லிமீட்டரையும் குறிக்கும் எனப் பொதுவாகக் கொள்ளலாம். எல்லா உயரங்களிலும் மிகுந்த எதிரொலியைத் திரட்டிக் காட்டும் படத்தில் நிறம் தெரிந்தாலும், மழை தரைவரை வந்தே தீரும் என்பதில்லை.

ஒரு வாரத்து வேலைகளைத் திட்டமிட ராடார் உதவாது. அதற்குச் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் விவசாய வானிலை அறிக்கையும், 2019 முதல் வழங்கப்படும் "மேகதூத்" செயலியும் உள்ளன. 2024 அக்டோபர் 24 முதல் ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்துக்கும் ஐந்து நாள் முன்னறிவிப்பு வெளியிடும் ஏற்பாடும் தொடங்கப்பட்டது. பஞ்சாயத்து அலுவலகத்தில் இதை எழுதி ஒட்டிவைத்தால், கைப்பேசி இல்லாதவரும் பயன் பெறுவர். மின்னல் எச்சரிக்கைக்கு "தாமினி" என்னும் செயலி தனியாக உண்டு. இடி முழங்கும்போது மரத்தடியில் ஒதுங்குவதும், மோட்டார் கொட்டகையில் கம்பிகளைத் தொடுவதும் உயிருக்கு ஆபத்தாகும்.

கிராம நிர்வாக அலுவலர்கள் தத்தம் எல்லையிலுள்ள மழைமானியைச் சுற்றி மரநிழலும் கட்டிடமும் நெருங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பருவம் தொடங்குமுன் அதன் வாயையும் புனலையும் சுத்தம் செய்வித்து, பழுது கண்டால் உடனே தாலுகா அலுவலகத்துக்கு எழுதுதல் அவசியம். வசதியுள்ள மிராசுதாரர்கள் ஒரு சாதாரண மழைமானியை வாங்கித் தம் நிலத்தில் வைத்து, ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு அளந்து, தேதியிட்ட நோட்டுப் புத்தகத்தில் குறித்துவருவார்களாக. மூன்று வருஷத்துக் குறிப்பு சேர்ந்தால், ராடார் தம் ஊர் மழையை எப்போது மிகுத்தும் எப்போது குறைத்தும் காட்டுகிறது என்பது அவர்களுக்கே புலனாகும். ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில், மேற்கே கனமழை தெரிந்தவுடன் மதகையும் கலிங்கையும் பார்வையிட ஆள் குறித்து வைத்திருப்பது நன்று.

புதிய ராடார்களுக்கு இடம் தேர்ந்தெடுக்கப்படும் காலத்தில், ஒரு வட்டாரத்தின் தேவையை எடுத்துச் சொல்லும் மனுக்களுக்கு ஆதாரம் வேண்டும். எந்த நாளில் எவ்வளவு மழை பெய்தது, எச்சரிக்கை எப்போது வந்தது, அதனால் எவ்வளவு தானியம் காக்கப்பட்டது அல்லது அழிந்தது என்று எழுதிவைத்த கணக்கே அந்த ஆதாரமாகும். அத்தகைய கணக்குள்ள கிராமத்தின் மனுவுக்குத் திட்டம் வகுப்போரிடம் மதிப்பு அதிகம். ஆகையால் வருகிற பருவத்துக்கு முன்பே மங்கலம்பேட்டை வட்டாரத்து ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு மழைமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் ஏற்படுவது மிகவும் விரும்பத்தக்கது.